பாதி வகுப்பு தூங்கிய ஆறு வாரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

கிரேன் கேபினில் ஆள் மாறும்போது, இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். இடதுபக்க லிவர் கொஞ்சம் இறுக்கம், காற்று கிழக்கே இருந்து அடிக்கிறது, கப்பலுக்குள் இன்னும் பாதிச் சரக்கு மிச்சம் என்று. நானும் அதைத்தான் இங்கே செய்கிறேன். பாடத்திட்டம் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். அதில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: படித்துக்கொண்டிருக்கிற மனிதனை எப்போது எழுப்பி வெளியே அனுப்புவது, எப்படி அனுப்புவது என்று. அற்ப விஷயம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அது புரிவதற்கு எனக்கு ஆறு வாரமும், ஒரு புகார்க் கடிதமும், ஒரு பூனையும் தேவைப்பட்டன.

இந்தப் பயிற்சி மையத்துக்கு வருமுன் நான் சாயர்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே இடைவேளை என்றால் மணி அடிக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள், மறுபடி மணி அடிக்கும், பிள்ளைகள் வருவார்கள். அதைப் பற்றி ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. இங்கே முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தால் பதினெட்டு ஆண்கள் எழுந்து நின்றார்கள். எல்லோரும் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள். மூத்தவருக்கு ஐம்பது இருக்கும். அவர்கள் உட்கார்ந்ததும் நாற்காலிகள் எல்லாம் பாலர் வகுப்பில் இருந்து இரவல் வாங்கி வந்தவை போலத் தெரிந்தன. ஆறு வாரம் படித்து எழுத்துத் தேர்வில் தேறினால் கிரேன் ஆபரேட்டர் ஆகலாம். தேறாவிட்டால் திரும்ப மூட்டைக்குப் போக வேண்டியதுதான்.

"ஒன்பது முதல் ஒன்று வரை வகுப்பு. இடையில் எழுந்திருக்கக் கூடாது" என்று அறிவித்தேன். நான் அப்படித்தான் படித்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது பச்சைப் பொய். கல்லூரியில் வேதியியல் வகுப்பு முழுக்கத் தூங்கியவள் நான். ஆனால் கையில் சாக்பீஸ் வந்த மறுநிமிடம் இதெல்லாம் மறந்துவிடுகிறது. உங்களுக்கும் மறக்கும், கவனமாக இருங்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஒருவர் மட்டும் மேஜை அருகே வந்து நின்றார். பெயர் மிக்கேல். நாற்பத்து நாலு வயது. ஏற்கெனவே இரண்டு தரம் இதே தேர்வில் தோற்றவர். மூன்று தரத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்பது விதி. முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது, தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"முதுகு போச்சு டீச்சர். இனி தலை ஒண்ணுதான் மிச்சம். அதையும் உங்ககிட்ட கொண்டாந்துட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

நன்றாகப் படியுங்கள் என்று சொன்னேன். இருபது வருஷ அனுபவத்தில் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

முதல் வாரம் அமைதியாகப் போனது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை. பெருமையாக இருந்தது. வாரக் கடைசியில் இருபது கேள்வி கொடுத்து ஒரு சோதனைத் தேர்வு வைத்தேன். விடைத்தாள்களைத் திருத்தத் திருத்த எனக்கு வேர்த்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் பத்துக் கேள்விக்கும் சரியாக எழுதிவிட்டு, மீதிப் பத்தைத் தொடவே இல்லை. சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசிப் பத்தை எழுதிவிட்டு முதல் பத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

காப்பியடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். எப்படி அடித்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் காகிதத்தில் நாற்காலிகளை வரைந்து, அம்புக்குறி போட்டு, யார் யாரைப் பார்த்திருக்க முடியும் என்று ஆராய்ந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வீடு கட்டப் போகிறோமா என்று கேட்டார். துப்புக் கிடைக்கவில்லை. ஆனாலும் விடுவேனா? மேலாளருக்கு ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினேன். 'திட்டமிட்ட முறைகேடு' என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு போட்டேன். கடிதத்தைக் கவரில் போட்டுக்கொண்டே வகுப்புக்கு வந்து, நீங்கள் எல்லோரும் திருடர்கள் என்கிற தோரணையில் பத்து நிமிடம் பேசினேன்.

செய்யது எழுந்து நின்றார். காயல்பட்டினத்துக்காரர், வகுப்பே அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். கோபமே இல்லாமல் விளக்கினார்.

"மூட்டை தூக்குற கேங்குல இப்படித்தான் டீச்சர். பாதிப் பேரு வேலை, பாதிப் பேரு ரெஸ்ட். பொறவு மாத்திக்கிடுவோம். இதனால ஒரு கப்பலும் எங்களால தாமதமா கெளம்புனதில்ல."

அதாவது, பதினொரு மணி வரை ஜன்னல் பக்கம் விழித்திருக்கும், சுவர்ப் பக்கம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். பதினொன்றுக்கு மேல் மாறிக்கொள்வார்கள். என் கேள்விகளில் முதல் பத்து பதினொன்றுக்கு முன் நடத்தியவை, மீதி அதற்குப் பின் நடத்தியவை. மாறும்போது முறைப்படி ஒப்படைப்பும் உண்டு. காலையில் நான் இரண்டு மணி நேரம் தொண்டை கிழிய நடத்திய, கயிறு தாங்கும் எடைக் கணக்கை, விழித்திருந்தவர் பக்கத்து ஆளிடம் 'கயிறு நடத்துனாங்க' என்று இரண்டே வார்த்தையில் ஒப்படைத்திருக்கிறார். இடைவேளை கிடையாது என்று நான் சொன்னதும், இடைவேளையை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். நேர்மையாக, ஆளுக்குச் சமமாக. வகுப்பில் நான் கண்டு பெருமைப்பட்ட அமைதியில் பாதி, தூக்கம்.

கவரைக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு நான் ஒப்படைக்கிற முதல் விஷயம் இது: இடைவேளை விடாவிட்டால் அவர்கள் எடுக்காமல் இருக்கமாட்டார்கள். உங்களுக்குத் தெரியாமல் எடுப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் சேராதவர் ஒருவர் உண்டு. மிக்கேல் நாலு மணி நேரமும் கண் இமைக்காமல் விழித்திருந்தவர். அவரைப் பாருங்கள், அவரைப்போல் இருங்கள் என்று வகுப்புக்குச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே அவர் தாளைத் தேடி எடுத்தேன். இருபதுக்கு மூன்று. வகுப்பிலேயே குறைவு. தூங்கியவர்கள் எல்லோரும் பத்து வாங்கியிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தாளை இன்னொரு தரம் வாசித்தபோதுதான் கவனித்தேன். விடைகள் எல்லாம் சரியானவை. மூன்றைத் தவிர ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குக் கீழே இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார், எதையும் அதனதன் இடத்தில் இறக்கவில்லை.

இரண்டாம் வாரம் பதினொரு மணிக்கு இருபது நிமிடம் இடைவேளை விட்டேன். எல்லோரும் வாசலுக்கு வெளியே அண்ணாச்சி கடைக்குப் போனார்கள். டீ மட்டும்தான் என்றார்கள். டீயோடு வடை வந்தது, வடைக்குச் சட்னி காணாது என்று இரண்டாம் சட்னி வந்தது, அங்கே பழைய கேங் ஆட்களைப் பார்த்து நலம் விசாரித்ததில் இருபது நிமிடம் ஐம்பது ஆனது. வந்து உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல் மொத்த வகுப்பும் கிறங்கியது. மிக்கேல் கடைக்குப் போகவில்லை. இடத்தை விட்டு நகராமல் புத்தகத்தைப் படித்தார்.

மூன்றாம் வாரம் யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளேயே இருந்து இளைப்பாறலாம் என்றேன். பதினேழு பேரும் போனை எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் போனை வைத்தார்கள். அதாவது கை வைத்தது, மனம் வைக்கவில்லை. செய்யது வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன பிரியாணி என்று குடும்ப வாட்ஸப்பில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. துபாயில் இருக்கிற மச்சான் ஒரு கட்சி, ஊரில் இருக்கிற மச்சான் ஒரு கட்சி. சங்கிலியின் தாங்குதிறன் எவ்வளவு என்று கேட்டேன். செய்யது எழுந்து, இருநூறு பேருக்குக் காணும் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டியவர்களும் அவரவர் போனுக்குள்தான் இருந்தார்கள். மிக்கேல் மட்டும் போனை எடுக்கவில்லை. புத்தகத்தைப் படித்தார். அந்த வாரச் சோதனையில் அவருக்கு இருபதுக்கு இரண்டு.

நாலாம் வாரம் எனக்குள் விஞ்ஞானம் புகுந்தது. இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வு என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு அலாரக் கடிகாரம் வாங்கி மேஜையில் வைத்தேன். சங்கு ஊதினால் வேலையை நிறுத்திப் பழகிய மனிதர்கள் இவர்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அலாரம் அடித்ததும், எழுதிக்கொண்டிருந்த எண்ணின் பாதியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்கள். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். வினைச்சொல் வருமுன் வகுப்பு காலி. ஐந்து நிமிடம் கழித்து வந்தவர்களுக்கு எங்கே விட்டோம் என்று நினைவில்லை, கணக்கை முதலில் இருந்து தொடங்கினார்கள். தொடங்கி முக்கால்வாசி வரும்போது மறுபடி அலாரம். ஒரே கணக்கை அன்று நாலு முறை போட்டோம். ஒரு முறையும் விடை வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கடிகாரத்தை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், என் கைக்காசு போட்டு வாங்கியது என்பதால் விட்டேன்.

அப்போதுதான் மிக்கேல் முதல் முறையாக வகுப்பில் கையைத் தூக்கினார்.

"சரக்கு அந்தரத்துல தொங்கும்போது ஆபரேட்டர் கேபினை விட்டு எறங்கலாமா டீச்சர்?"

கூடாது என்றேன். அது நானே நடத்திய பாடம்.

"பெறகு கணக்கு அந்தரத்துல தொங்கும்போது எங்களை மட்டும் ஏன் எறக்கிவிடுதிய?"

கேட்டதில் குறும்பு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். கேபினுக்கு என்று இவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை நானே வாரத்தில் ஐந்து நாள் நடத்துகிறேன், வகுப்புக்கு மட்டும் எங்கெங்கோ தேடி அலைந்திருக்கிறேன். தொங்குகிற சரக்கை இறக்கி வைத்த பிறகுதான் ஆபரேட்டர் இடத்தை விடலாம். ரிலீஃப், அதாவது மாற்று ஆள், வந்துவிட்டால் கேபினுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, ஏணியில் கீழே இறங்கிவிட வேண்டும். திரும்ப ஏறும்போது எங்கே விட்டது என்று கேட்டுக்கொண்டுதான் லிவரைத் தொட வேண்டும்.

அலாரத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறுநாளில் இருந்து கணக்கு முடிந்தால் இடைவேளை, முடியாமல் கிடையாது. முடிந்ததும் விடைக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். போனை மேஜையில் வைத்துவிட்டுப் பின்புறம் போய்க் காற்றாட நிற்க வேண்டும், பத்து நிமிடம். வந்து உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம் எங்கே விட்டோம் என்று சொல்ல வேண்டும். 'கயிறு நடத்துனாங்க' செல்லாது என்றும் சொல்லி வைத்தேன். வகுப்பு தேறத் தொடங்கியது.

மிக்கேல்தான் தேறவில்லை. கேள்வியைக் கேட்டவரே இறங்க மறுத்தார். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். மூணாவது தரம் டீச்சர், எனக்கு ரெஸ்டுக்கு நேரம் கெடையாது என்றார். அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அவரை அசைத்தது செய்யதுதான். ஒரு நாள் எல்லோரும் வெளியே போகும்போது அவர் மட்டும் மிக்கேலின் முன்னால் நின்றார்.

"நீ பாஸாகி மேல ஏறுனா, உன் கொக்கிக்குக் கீழ நிக்கப் போறது எங்க கேங்குதான். ரெஸ்ட் எடுக்காதவன் கொக்கிக்குக் கீழ நாங்க எவனும் நிக்கமாட்டோம், மிக்கேலு."

மிக்கேல் புத்தகத்தை மூடினார். எழுந்து வெளியே போனார்.

ஆனால் வெளியே போய் நின்றாலும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. புத்தகம் கையில் இல்லை, தலைக்குள் புரண்டுகொண்டிருந்தது. இதையும் செய்யதுதான் கவனித்தார். மையத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் பூனை திரியும். அதற்குக் கருவாடு போடும் பொறுப்பை மிக்கேலிடம் ஒப்படைத்தார். பூனை முதல் நாள் அவரை மதிக்கவே இல்லை. இரண்டாம் நாள் கருவாட்டை முகர்ந்துவிட்டு, இதைவிட நல்லது இல்லையா என்பதுபோல் பார்த்தது. மிக்கேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் வீட்டில் இருந்து நெத்திலியைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அது சாப்பிடுகிற வரைக்கும் குத்தவைத்து, ஏளா வா, ஏளா வா என்று அதனோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடமும் உதட்டில் பாடம் இல்லை. அந்த வாரம் இருபதுக்குப் பதினொன்று.

தேர்வு நாள். வெளியூரில் இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிற முகம். மூன்று மணி நேரம், யாரும் அறையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நான் அறையில் இருக்கலாம், ஆனால் யாரிடமும் பேசக் கூடாது.

ஒன்றரை மணி நேரம் ஆனபோது மிக்கேல் பேனாவை மூடினார். தாளைக் கவிழ்த்தார். மேஜையில் தலையைச் சாய்த்தார்.

இது அவருடைய மூன்றாவது தரம். கடைசி வாய்ப்பு. கிடைக்காவிட்டால் அந்த முதுகை வைத்துக்கொண்டு எங்கே போவார்? என் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. தெரியாமல் கை பட்டதுபோல் தட்டிவிட்டால் போதும், சத்தத்தில் எழுந்துவிடுவார். கையைக்கூட நீட்டிவிட்டேன். பிறகு, தட்டுமுன் ஒரு தரம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்று, நடப்பதுபோல் அவர் மேஜையைக் கடந்தேன். காற்றாடிக் காற்றில் தாளின் ஓரம் தூக்கியது. பதினாலாம் கேள்வியின் விடை முடிந்திருந்தது. அதன் கீழே அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு.

சரக்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். தூக்கைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கிசுகிசுத்தார். இல்லை சார், ரிலீஃபில் இருக்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று நினைத்தது தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பன்னிரண்டு நிமிடம் வேறில்லை. பிறகு மிக்கேல் நிமிர்ந்தார், முகத்தைத் துடைத்தார், தாளைத் திருப்பி, விட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்தந்த விடை அந்தந்தக் கேள்விக்குக் கீழேயே இறங்கியது. அறுபத்து நாலு மதிப்பெண் வாங்கித் தேறினார்.

அன்று அந்த அறையில் தப்புச் செய்தவர் ஒருவர்தான். மூன்று மணி நேரமும் உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், தூக்கைக் காவல் காத்துக்கொண்டு நின்ற நான். பதினெட்டுப் பேரின் தேர்வுப் படிவத்திலும் முந்தின நாள் தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். அதிகாரி ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தவைத்தார்.

அதில் நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. சில வருஷம் கழித்து ஓய்வு வயது வந்தபோது, இன்னொரு வருஷம் இருங்கள் என்றார்கள், இருந்தேன். இன்னொரு வருஷம் என்றார்கள், அதற்கும் சரி என்றேன். வகுப்பை மற்றவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று நினைப்பு. போன மாதம் நீங்கள் இருவரும் பையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றீர்களே, அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. முந்தின நாள் முடித்த அதே எடைக் கணக்கை, அதே கரும்பலகையில், அதே பிள்ளைகளுக்கு நான் மறுபடி நடத்திக்கொண்டிருந்தேன். மரியாதைக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் அழகாகக் குறிப்புகூட எடுத்தார். கிரேன் காட்டுவதற்காக அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஆபரேட்டர்தான் உங்களுக்கு முன்னால் நின்றார். அவர்தான் மிக்கேல். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பி உங்களைப் பார்த்தார்.

"டீச்சர், ரிலீஃப் வந்தாச்சு. எறங்குங்க" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உடனே இறங்கவில்லை, கணக்கு பாதியில் நின்றது. அதை முடித்து, விடைக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் சாக்பீஸை உங்கள் கையில் கொடுத்தேன்.

பூனை பதினொன்று ஐந்துக்கு வரும். நெத்திலி என்றால்தான் சாப்பிடும்.